அக்கா வீட்டு அமைதி

என் அக்கா போனில் சொன்ன குறை இதுதான்: காலையில் மயில் கத்துகிறதாம், தூக்கம் கெட்டுப்போகிறதாம். நான் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நின்று, போனின் ஒலியை முழுக்கக் கூட்டி, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்குள் நின்று போன் பேச முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். விடிந்ததிலிருந்து விசைத்தறிகள் ஓடும். முருங்கை மரத்தடிக்கு வந்தால் சத்தம் பாதியாகும். அந்தப் பாதிச் சத்தத்தில் நின்றுகொண்டு மயிலின் தொந்தரவைக் கேட்டபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அந்த மயிலைப் புடிச்சு இங்க அனுப்பிப்போடுக்கா. இங்க அது கத்தறது ஒருத்தருக்கும் கேக்காது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அன்னூர்ப் பக்கம் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்தவர்கள். அவளைக் கோயமுத்தூரில் மாதச் சம்பளக்காரருக்குக் கொடுத்தார்கள். என்னைக் கருமத்தம்பட்டியில் தறிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பொறாமை அவள் பக்கத்திலிருந்து என் பக்கம் வந்தது. சொந்தத் தறி, சொந்தக் குடோன், ஒட்டியே சொந்த வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த எங்கள் அப்பாவுக்கு என் மாமனார் சொன்னதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இவ்வளவு சத்தம் போடுகிற வீட்டில் தொழிலுக்குக் குறைவில்லை என்று சந்தோஷமாகத் திரும்பிப்போனார். அக்கா என் கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது எப்போதாவது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் அலமாரியில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். கீழே விழுவதற்குள் பின்னால் தள்ளிவைப்பது, அடுப்படியில் நான் யோசிக்காமலேயே செய்கிற வேலைகளில் ஒன்று. தோசை மாவைத் திறந்து வைத்தால் மேலே பஞ்சு படியும். கொடியில் காயும் கறுப்புத் துணி, மாலைக்குள் நரைத்துப்போய் இறங்கும். அக்கா வீடு வடவள்ளியில், இரண்டாவது மாடியில். அங்கே துணி போட்ட நிறத்திலேயே இறங்கும். மலைப்பக்கத்துக் காற்று வரும். தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து அப்படியே குடிப்பார்கள். எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, கல்லாட்டம் நிற்கும். அரிசிம்பருப்புச் சாதம் நன்றாகச் செய்கிறவள் நான்தான் என்று பிறந்த வீட்டில் பெயர் வாங்கியிருந்தேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்ததும் அந்தப் பெயர் போய்விட்டது தெரிந்தது. அதே பருப்பு, அதே சின்ன வெங்காயம், அதே கைப்பக்குவம். அவளுக்கு வாய்த்த தண்ணீர் எனக்கு வாய்க்கவில்லை.

தண்ணீரையும் காற்றையும்கூட விட்டுவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது அந்த வீட்டின் அமைதி.

ஒருமுறை அங்கே போயிருந்தபோது எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில் நடந்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு அம்மா நின்றார்கள்.

"ஏனுங்க, உள்ள எதாச்சும் பிரச்சனைங்களா?"

"அய்யோ, இல்லீங்க. தங்கச்சி ஊர்லேர்ந்து வந்திருக்குது. அவ பேச்சே அப்படித்தானுங்க" என்றாள் அக்கா. சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரித்தாள். கையில் சொம்பு இருந்தால் அந்தச் சிரிப்பின் மேலேயே போட்டிருப்பேன். அதற்குப் பிறகு கல்யாணக் கதையைக் கிசுகிசுவென்று சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே, அக்கா வீட்டு மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனான். எனக்கு அந்த மின்விசிறியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அக்காவுக்கு எல்லாமே மிகை என்று நினைத்துக்கொண்டேன்.

தறிக்காரர்கள் எல்லோரும் கத்துவார்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். தறி ஓடாத இடத்தில் கத்துவோம், உண்மைதான். ஓடுகிற இடத்தில் கத்துவதில்லை. குடோனுக்குள் கத்துகிறவன் வேலைக்குப் புதிதாக வந்தவன். பழகியவர்கள் உதட்டை மட்டும் கொஞ்சம் அழுத்தி அசைப்பார்கள், குரலே வராது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டுவோம். முகம் திரும்பியிருப்பவரைக் கூப்பிட, நூல் தீர்ந்துபோன குச்சி ஒன்றை அவர் முதுகில் படுகிற மாதிரி எறிவோம். நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டையெல்லாம் இந்தப் பாஷையில்தான். என் மகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிட்டாள். குடோன் வாசலில் நின்று உதட்டாலேயே பால் கேட்பாள். நான் தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரு, வருகிறேன் என்பேன்.

அவள் எங்களுக்கு ஒரே பெண். படிப்பில் கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் படித்ததே கிடையாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து படிப்பாள், பூட்ட வருகிறவர் எழுப்பி அனுப்புகிறவரை. பரீட்சைக் காலத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். அந்தப் பஞ்சும் எங்கள் குடோன் பஞ்சுதான். சுவரே அதிரும்போது பஞ்சு என்ன செய்யும்?

பிளஸ் டூ முடிந்து வடவள்ளிப் பக்கமே காலேஜில் இடம் கிடைத்தபோது அக்கா கேட்டாள். அவளுக்கு ஒரே பையன், வெளிநாட்டில் வேலை. அவன் அறை காலியாகக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரியும். "எங்கூட இருக்கட்டும். இங்க நிம்மதியாப் படிப்பா" என்றாள். சனி, ஞாயிறு என்னிடம் வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறியபோது அழுதது நான்தான். அவள் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

முதல் வருஷம் முடிவதற்குள் என் மகளின் குரல் இறங்கிவிட்டது. ஏன் எப்போதும் சண்டைக்கு வருகிற மாதிரி பேசுகிறாய் என்று கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தார்களாம். அக்கா பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிச் சொல்லிக் குறைத்திருக்கிறாள். "இப்பத்தான் பாரு, பொம்பளப் புள்ளையாட்டப் பேசறா" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னாள். நான் பெற்றதை அவள் திருத்திக்கொண்டாள். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலை மகள் வரும்போது தறி ஓடிக்கொண்டிருக்கும். பையை வைத்துவிட்டு நேராகக் குடோனுக்கு வருவாள். தறிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தறி நிற்கிறவரை ஒரு வாரத்துக் கதையில் பாதியைப் பேசுவோம். மீதி மறுநாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. தெருவே ஓய்ந்து கிடக்கும். அன்றைக்கு அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து என்னவோ பேசுவாள், அக்கா பழக்கிய குரலில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டோ, பாத்திரம் விளக்கிக்கொண்டோ முதுகைக் காட்டி நிற்பேன். நடுநடுவே "செரி கண்ணு" என்பேன். சுருக்கமாகப் பேசுகிறாள், என்னிடம் பேச அவளுக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் நினைத்தது பொய்யில்லை என்பதற்கு அக்காவே சாட்சி சொன்னாள். போனில் பேசும்போது என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாத சேதி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். கடைவாய்ப் பல் பிடுங்கியது. உயிர்த்தோழியோடு பேச்சு நின்றுபோனது. மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போவது.

"உனக்குத் தெரியாதா? அம்மாகிட்டச் சொன்னேன்னாளே" என்பாள் அக்கா.

சொன்னாளாம்! என்னிடம் சொல்லாமலே, சொன்னதாக அங்கே போய்ச் சொல்லிக்கொள்கிறாள் என்று எனக்குள் புகைந்தது. மகளின் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அக்காவை நினைத்தால்தான் ஆத்திரம். காற்று, தண்ணீர், மலை எல்லாம் அவளுக்கே என்று ஆண்டவன் எழுதிவைத்தான், போகட்டும். என் பிள்ளையின் பல்வலியுமா அவளுக்கு?

பிறகு சனி, ஞாயிறு வருவது குறைந்தது. பரீட்சை என்றாள், பிராஜெக்ட் என்றாள். வருகிற ஞாயிறுகளில் சோறு தின்றுவிட்டு மதியமே கிளம்பினாள். கடைசி வருஷப் பரீட்சை முடிகிற சமயத்தில் அக்கா போன் செய்தாள்.

"ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. அவளேதான் கலர் பாத்தா. மேல்படிப்பும் இங்கிருந்தே படிக்கட்டும்னு மச்சானும் சொல்றாரு. வர்ற ஞாயித்துக்கெழமை வா, பேசிக்கலாம்."

பெயின்ட் அடித்து முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்கிறாள். நான் முருங்கை மரத்தடியில் நின்றபடி அந்த நிமிஷமே முடிவு செய்தேன். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. எங்கள் ஊருக்கும் காலேஜ் பஸ் வருகிறது. இங்கிருந்தும் நாலு பிள்ளைகள் போய்ப் படிக்கத்தான் செய்கிறார்கள். நேராகக் குடோனுக்குள் போய் என் வீட்டுக்காரரிடம் உதட்டாலேயே சொன்னேன்: "புள்ளையோடதான் வாரேன்." அவர் தறியை விட்டுக் கையெடுத்து இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். அக்கா தங்கை உறவை அறுத்துவிடாதே என்று அர்த்தம். நான் பார்க்காதது போல வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் மாறி, வடவள்ளியில் இறங்கும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். மகள் கீழேயே வந்து நின்றாள். கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனாள். இளம்பச்சை. ஜன்னலில் மலை. மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. அது வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "பெயின்ட் வாசம் தலைய வலிக்குது" என்றேன்.

மதியம் அரிசிம்பருப்பு. குழைந்து, நெய் மணக்க. இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன், கோபத்தோடு. சாப்பிட்டதும் அக்கா வீட்டுக்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஹாலில் சோபாவில் உட்கார்ந்தேன். அக்காவும் என் மகளும் காய்ந்த துணியை மடிக்க பால்கனிக்குப் போனார்கள். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது போலிருக்கிறது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அந்த ஊரில் கதவைச் சாத்திவிட்டால் பேச்சு வெளியே வராது என்று நம்புகிறார்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகள் என்னைப் பார்த்த மாதிரி, ஆனால் கையிலிருந்த துணியில் கண் வைத்து நின்றாள். அவள் உதடு அசைந்தது. அவளை வளர்த்த பாஷை அது. நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. பார்த்தால் புரியாமல் இருக்க எனக்குத் தெரியாது.

"நீங்களே சொல்லுங்க பெரீம்மா. நான் சொன்னா அம்மா அழுவாங்க."

அக்கா என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"ஊட்டுக்குப் போகப் புடிக்காம இல்லீங்க. அம்மாவுக்குக் காது கேக்கறதில்லீங்க பெரீம்மா. அவங்களுக்கே அது தெரியாதுங்க. பல்லு புடுங்கினதச் சொன்னேன், 'செரி கண்ணு'ன்னாங்க. ஒருநாள் சும்மா, பரீட்சைல பெயிலாப் போயிட்டேன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் 'செரி கண்ணு, சாப்பிடு'ன்னாங்க."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"கத்திப் பேசினா திங்கக்கெழமை தொண்டை கட்டிக்குது. பேசாம இருந்தா அவங்க மொகம் வாடுது. அப்பாவுக்கும் அப்புடித்தானுங்க ஆயிட்டு வருது. எனக்கும் அங்கயே இருந்தா அப்புடி ஆயிருமோன்னு பயமா இருக்குங்க."

சோபாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கேட்காத மின்விசிறி நினைவுக்கு வந்தது. கேட்காத பஸ், கேட்காத மயில். சொன்னேன், சொன்னேன் என்று அவள் சொன்னதெல்லாம் உண்மை. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குக் கிடைத்தது நான் தவறவிட்ட மிச்சம். அது தெரிந்தும் பொறாமை தணியவில்லை. அக்காவின் இரண்டு காதும் என்ன வேலை செய்திருக்கின்றன! காலையில் மயில் சத்தம், மாலையில் என் பிள்ளையின் குரல். இரண்டும் ஒன்றுதான் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மகள் தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. தறிக்குடோனில் வளர்ந்த பிள்ளை. தன் உதட்டை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அக்கா குனிந்து அந்தத் துணியை எடுத்து, தூசி தட்டி மடிக்கத் தொடங்கினாள். அதற்குள் மகள், குரல் இல்லாமல், சின்ன வயதில் குடோன் வாசலில் நின்று பேசியது போல, உதட்டை அழுத்தி என்னிடம் கேட்டாள்:

"அம்மா, நான் இங்கயே இருக்கட்டுமா?"

வரும்போது மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்ததில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் காது, என்னுடையது அல்ல. அதைக் கொண்டுபோய் அந்தச் சுவரோரம் வைக்க எனக்கு என்ன உரிமை?

"இரு கண்ணு" என்றேன், நானும் குரல் இல்லாமல். "ஞாயித்துக்கெழமை வராத. தறி ஓடற நாளாப் பாத்து வா. காதுல பஞ்சு வெச்சுட்டு வா. கத்த வேண்டாம். எதிர்ல நின்னு நெறையப் பேசலாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இரண்டு விரலைக் கத்தரி போல விரித்துக் காட்டி, அப்படியே நிறுத்தி, வெட்டாமல் மடக்கிக்கொண்டாள்.

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் அழுகிறோம், நடுவில் தனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் முகம் சுருங்கியது. என் கல்யாணப் போட்டோவில் இருக்கிற அதே முகம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"என்னடி சொன்னா உங்கிட்ட?"

உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன்.

"என்னக்கா? காதுல உழுகலை."